உயரமான பிள்ளைகளை அணிக்கு எடுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



மார்ஃபான் நோய்க்குறி உடலின் இணைப்புத்திசுவைத் தாக்கும் மரபணுக் கோளாறு. சுமார் 5,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், ஆண் பெண் வேறுபாடோ இன வேறுபாடோ இல்லாமல் உலகெங்கும் காணப்படுகிறது. எலும்பை எலும்போடு பிணைக்கும் நார், கண்ணின் வில்லையைத் தாங்கும் மெல்லிழை, நுரையீரல், இரத்தக்குழாயின் சுவர் என்று உடம்பைக் கட்டிவைத்திருக்கும் எல்லாவற்றிலும் இணைப்புத்திசு இருப்பதால், கோளாறும் ஒரே உறுப்போடு நிற்பதில்லை. வெளியே தெரிவது நெடிய, ஒல்லியான உடல்வாகு, நீண்ட கைகால், மெலிந்த விரல்கள். உள்ளே சத்தமில்லாமல் நடப்பது, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வருடா வருடம் விரிந்துகொண்டு போவது.

அணிக்கு ஆள் எடுக்கும்போது முதலில் கண்ணில் படுவது இந்த உடல்வாகுதான். வகுப்பிலேயே உயரமான பையனையும் கை நீண்ட பெண்ணையும் காலை வணக்கக் கூட்டத்தின் கடைசி வரிசையில் பார்த்ததுமே கூப்பிட்டுப் பந்தைக் கையில் கொடுப்பது எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம். உயரமானவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எந்தக் கோளாறும் கிடையாது. அப்பா உயரம், தாத்தா உயரம், பிள்ளையும் உயரம், அவ்வளவுதான். ஆனாலும், இதய மருத்துவர் ஒருவரின் முன்னால் போய் உட்காருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தப் பிள்ளைகளை உச்சி முதல் பாதம் வரை அளந்து பார்த்துவிடுகிறவர் உடற்கல்வி ஆசிரியர். மடல் அவர்களுக்கு எழுதப்படுவதற்குக் காரணம் அதுவே.

1896-ல் பாரிஸில் அந்துவான் மார்ஃபான் என்ற குழந்தை மருத்துவர், கேப்ரியேல் என்ற ஐந்து வயதுச் சிறுமியின் வழக்கத்துக்கு மாறாக நீண்ட கைகால்களையும் விரல்களையும் சக மருத்துவர்களுக்கு விவரித்தார். (அந்தச் சிறுமிக்கு இருந்தது இதே கோளாறா, இதை ஒட்டிய வேறொன்றா என்று பின்னாளில் சந்தேகம் எழுந்தது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.) பெருந்தமனிக்கும் இந்த உடல்வாகுக்கும் உள்ள தொடர்பு 1943-ல்தான் மருத்துவ ஏடுகளில் தெளிவாகப் பதிவானது. 1950களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் விக்டர் மெக்குசிக் இதை இணைப்புத்திசுவின் பரம்பரைக் கோளாறுகளில் ஒன்றாக வகைப்படுத்தினார். 15-ஆம் குரோமோசோமில் உள்ள எஃப்.பி.என்.1 என்ற மரபணுவின் பிழையே காரணம் என்பது 1991-ல் உறுதியானது.

அந்த மரபணு ஃபைப்ரில்லின்-1 என்ற புரதத்துக்கானது. ஃபைப்ரில்லின் நுண்ணிய இழைகளாகக் கோத்துக்கொண்டு, மீள்தன்மை தரும் எலாஸ்டின் படிவதற்குச் சட்டமாக நிற்கிறது. திசுவின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற புரதத்தைக் கட்டுக்குள் வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. இழை பழுதானால் இரண்டு வேலையும் கெடும். இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது பெருந்தமனியின் அடிப்பகுதி. நல்ல சுவர் விரிந்து பழைய அளவுக்குத் திரும்பிவிடும். பழுதான சுவர் முழுவதும் திரும்புவதில்லை. அடிப்பகுதி அகல அகல, அங்கே உள்ள வால்வின் மூன்று இதழ்களும் ஒன்றையொன்று தொட முடியாமல் இடைவெளி விழுந்து, வெளியே போன இரத்தம் இதயத்துக்கே திரும்பி ஒழுகத் தொடங்கும்.

இதைவிடக் கொடியது சுவரின் உட்படலம் கிழிவது. கிழிசல் வழியாக இரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து, அவற்றைப் பிரித்துக்கொண்டே முன்னேறும். இதற்குப் பெருந்தமனிப் பிளவு என்று பெயர். இதயத்தை ஒட்டிய ஏறு பகுதியில் இது நேர்ந்து சிகிச்சை கிடைக்காமல் போனால், முதல் இரண்டு நாட்களில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 1 முதல் 2 சதவீதம் பேர் இறக்கிறார்கள் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. 1972-ல் வெளியான ஆய்வொன்றில் மார்ஃபான் உள்ளவர்களின் சராசரி இறப்பு வயது 32. இறந்தவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இதயமும் பெருந்தமனியும். இன்று நேரத்தோடு கண்டுபிடிக்கப்பட்டு முறையான சிகிச்சையில் இருப்பவர்கள் மற்றவர்களைப் போலவே 70 வயதை எட்ட முடிகிறது. இந்த மாற்றத்துக்கு மருந்தைக் காட்டிலும் அறுவை சிகிச்சையின் பங்கே பெரிது. ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன்னால் யாராவது ஒருவருக்குச் சந்தேகம் வந்தாக வேண்டும்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல், புதிதாக நேர்ந்த மரபணு மாற்றத்தால் வருகிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்த வினை என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று கெட்டிருந்தாலே இது வந்துவிடும் என்பதால் அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஹோமோசிஸ்டினூரியா என்ற வேறொரு கோளாறில்தான் இதே நெடிய உடல்வாகோடு சொந்தத் திருமணத்துக்கும் தொடர்பு இருக்கிறது. தாய்மாமனைக் கட்டிய குற்றவுணர்வில் ஒரு தாயைத் தவிக்கவிடுவதற்கு முன் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுவது நல்லது.

ஒரே வீட்டுக்குள்ளேயே கோளாறின் கடுமை மாறும். அப்பாவுக்குத் தடித்த கண்ணாடியோடு போயிருக்கும். மகனுக்குப் பெருந்தமனி விரிந்திருக்கும். ஆகவே குடும்ப வரலாறு விசாரிக்கும்போது, நெட்டையாக ஒல்லியாக இருந்த சித்தப்பா 35 வயதில் மாரடைப்பில் போய்விட்டார் என்ற மாதிரி பதில் வந்தால் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. பிரேதப் பரிசோதனை நடக்காத இடங்களில் திடீர்ச் சாவு பெரும்பாலும் மாரடைப்பு என்றே சொல்லப்படுகிறது.

திடலிலேயே பார்த்துவிடக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து மற்ற நான்கு விரல்களால் மூடச் சொன்னால், மார்ஃபான் உள்ள பிள்ளைக்குக் கட்டைவிரலின் நுனிக்கணு முழுவதும் சுண்டுவிரல் பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கையின் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் மறு கையின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னால், கட்டைவிரல் நுனி சுண்டுவிரலின் நகத்தை முழுவதும் மூடிவிடும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனிவரை டேப்பால் அளந்தால், கைவிரிப்பு உயரத்தைவிட 5 சதவீதத்துக்கும் அதிகமாக இருக்கும், 170 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு 179 செ.மீ. வந்தால் யோசிக்க வேண்டியதுதான். நெஞ்செலும்பு உள்ளே குழிந்திருப்பது அல்லது முன்னே துருத்தியிருப்பது, முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருப்பது, ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் பாதம் முழுவதும் பதிவது, உடல் பருக்காமலேயே முதுகிலும் தோளிலும் வரிகள் விழுவது ஆகியவையும் பட்டியலில் சேரும்.

கண் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. மார்ஃபான் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் கண்ணின் வில்லை அதன் இடத்திலிருந்து நழுவுகிறது. கரும்பலகை தெரியவில்லை என்று சின்ன வயதிலேயே தடித்த கண்ணாடி போட்ட ஒல்லிப் பிள்ளை, வருடத்துக்கு வருடம் பவர் ஏறிக்கொண்டே போனால், கண் மருத்துவர் கண்மணியை மருந்திட்டு விரித்து வில்லையைப் பார்க்க வேண்டும். கடையில் கண்ணாடிக்கு மட்டும் பார்த்துவிட்டு வந்தால் இது தெரியாமல் போகும்.

மார்ஃபானைக் கண்டறிய மருத்துவர்கள் கையாளும், 2010-ல் திருத்தப்பட்ட கெண்ட் விதிகளின்படி இந்த உடல் அடையாளங்களுக்கு மொத்தம் 20 மதிப்பெண். 7 வந்தால் அர்த்தமுள்ளது. கட்டைவிரல், மணிக்கட்டு என்ற கைச்சோதனை இரண்டும் சேர்ந்து தேறினால் 3, ஒன்று மட்டும் என்றால் 1. பெருந்தமனி விரிவும் கண் வில்லை நழுவலும் இந்தக் கணக்குக்கு வெளியே, தலையாய அடையாளங்களாக வைக்கப்பட்டுள்ளன. நோயை முடிவு செய்வது மருத்துவரின் வேலை. ஆசிரியர் செய்ய வேண்டியது சந்தேகப்படுவதும் எக்கோ என்ற இதயப் பரிசோதனைக்கு அனுப்புவதும் மட்டுமே. மூட்டுகள் வளைந்து கொடுக்கும் பல பிள்ளைகளுக்குக் கைச்சோதனை தேறி எக்கோ சுத்தமாக வரும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

சந்தேகம் வராமல் போனதற்கு விளையாட்டு உலகம் அறிந்த சாட்சி ஃபிளோ ஹைமன். 1954-ல் பிறந்த இந்த அமெரிக்கக் கைப்பந்து வீராங்கனையின் உயரம் 6 அடி 5 அங்குலம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியின் தூண். அதன்பின் ஜப்பானில் தொழில்முறையாக ஆடினார். 1986 ஜனவரி 24 அன்று மட்சுவே நகரில் ஆட்டத்தின் நடுவே மாற்று ஆட்டக்காரருக்கு இடம்விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் சரிந்து விழுந்தார், அன்றே இறந்தார். வயது 31. மாரடைப்பு என்றுதான் முதலில் நினைத்தார்கள். அமெரிக்காவில் நடந்த பிரேதப் பரிசோதனையில்தான் பெருந்தமனி கிழிந்திருந்ததும் அவருக்கு மார்ஃபான் இருந்ததும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவருடைய சகோதரரைச் சோதித்தபோது அவருக்கும் இருந்தது. திறந்த இதய அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. உலகத் தரப் பயிற்சியாளர்களும் அணி மருத்துவர்களும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த உடல் அது. அந்த உயரத்தை எல்லோரும் திறமையின் கணக்கிலேயே எழுதினார்கள்.

பிளவு நேரும்போது வரும் வலிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. படிப்படியாக ஏறாது; தொடங்கும் நொடியிலேயே உச்சத்தில் இருக்கும். நெஞ்சின் நடுவிலோ தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகிலோ, கிழிப்பது போல வந்து, சிலருக்கு இடம் மாறிக் கீழே இறங்கும். இளைஞருக்கு நெஞ்சுவலி என்றால் வாயுப் பிடிப்பு என்று சொல்லி ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்துப் படுக்கவைக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிப்போயிருக்கிறது. மருத்துவமனைகளும் தவறுவது உண்டு. ‘ரென்ட்’ என்ற இசை நாடகத்தை எழுதிய ஜானத்தன் லார்சன், நாடகத்தின் முதல் முன்காட்சி நாளான 1996 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் 35 வயதில் பெருந்தமனிப் பிளவால் இறந்தார். அதற்கு முந்தைய சில நாட்களில் நெஞ்சுவலியோடு இரண்டு மருத்துவமனைகளுக்குப் போய், கெட்ட உணவு என்றும் வைரஸ் காய்ச்சல் என்றும் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். மார்ஃபான் இருந்திருக்கலாம் என்பது இறந்த பிறகு வந்த முடிவு.

மாரடைப்பு என்று தவறாக நினைத்து இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால் பிளவு உள்ளவரின் நிலை மேலும் மோசமாகும். எனவே மார்ஃபான் உள்ள ஒருவருக்கு இந்த வலி வந்தால், அழைத்துப் போகிறவர் அவசரப் பிரிவின் வாசலிலேயே மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும்: மார்ஃபான் இருக்கிறது, பெருந்தமனிப் பிளவாக இருக்கலாம், சி.டி. ஆஞ்சியோ எடுங்கள். ஈ.சி.ஜி. சாதாரணமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. திடீரென்று ஒரு பக்க நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்தால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருக்கவும் கூடும். அதுவும் இவர்களுக்கு அதிகம், அதற்கும் உடனே மருத்துவமனை தேவை.

எக்கோ பரிசோதனை வலியில்லாதது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வளர்ந்தவரின் பெருந்தமனி அடிப்பகுதி சாதாரணமாக 3 செ.மீ.யை ஒட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு உடல் அளவோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவார்கள். விரிவு இருந்தால் புரோப்ரனலால், அட்டெனலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரையோ லோசார்ட்டானோ தொடங்குவது வழக்கம். இரத்தம் சுவரில் மோதும் விசையைக் குறைத்து விரிவின் வேகத்தைத் தணிப்பதே நோக்கம். லோசார்ட்டான் எலிகளில் அற்புதம் செய்ததாக 2006-ல் செய்தி வந்தபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. 608 சிறுவர்களையும் இளைஞர்களையும் மூன்றாண்டு தொடர்ந்த ஒப்பீட்டு ஆய்வு 2014-ல் வெளிவந்தபோது, அட்டெனலாலைவிட அது மேலானதல்ல என்று தெரிந்தது. எந்த மாத்திரையானாலும் மருத்துவர் சொல்லாமல் பாதியில் நிறுத்தக் கூடாது. மாத்திரை சாப்பிடும் பிள்ளை ஓடும்போது நாடித்துடிப்பு ஏறாமல் சீக்கிரம் களைத்துப்போவது மருந்தின் வேலை. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது அநியாயம்.

அடிப்பகுதி 5 செ.மீ.யை எட்டினால் அறுவை சிகிச்சை என்பது பொதுவான எல்லைக்கோடு. குடும்பத்தில் பிளவு நேர்ந்திருந்தாலோ, விரிவு வேகமாக நடந்தாலோ, கர்ப்பம் தரிக்க விரும்பினாலோ 4.5 செ.மீ.யிலேயே செய்வார்கள். லோயஸ்-டீட்ஸ் என்ற நெருங்கிய கோளாறில் அதற்கும் முன்னதாகவே. நோயாளிக்கு அப்போது எந்த வேதனையும் இருக்காது என்பதுதான் இதில் உள்ள சங்கடம். நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் நெஞ்சைத் திறக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? அவர்களுக்குச் சொல்லத்தக்க எண் ஒன்று இருக்கிறது. பத்து அறுவை மையங்களில் 675 மார்ஃபான் நோயாளிகளுக்குச் செய்த அறுவைகளை ஆராய்ந்து 1999-ல் வெளியான கட்டுரைப்படி, முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 1.5 சதவீதம். அவசரமாகச் செய்ய நேர்ந்தவர்களில் 11.7 சதவீதம். அறுவை மேசைக்கே போய்ச் சேராதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

அறுவையில் நடப்பது இதுதான். நெஞ்செலும்பை நெடுக அறுத்துத் திறப்பார்கள். இரத்த ஓட்டத்தை இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு மாற்றி, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தால் இதயத்தை நிறுத்துவார்கள். விரிந்த அடிப்பகுதியையும் வால்வையும் வெட்டி எடுத்துவிட்டு, முனையில் செயற்கை வால்வு தைத்த டாக்ரான் துணிக்குழாயை அந்த இடத்தில் வைத்துத் தைப்பார்கள். இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் இரண்டு கரோனரித் தமனிகளும் பழைய சுவரில் முளைத்தவை. அவற்றின் வாயைச் சுற்றிச் சின்ன வட்டமாகச் சுவரை விட்டு வெட்டி, புதுக் குழாயில் துளையிட்டுப் பொருத்துவார்கள். பிறகு இதயத்தைத் துடிக்கவிட்டு, நெஞ்செலும்பை எஃகுக் கம்பியால் கட்டி மூடுவார்கள். லண்டனில் ஹ்யூ பென்டாலும் ஆன்டனி டி போனோவும் 1968-ல் வெளியிட்ட முறை இது. பென்டால் அறுவை என்றே உலகமெங்கும் வழங்குகிறது. செயற்கை வால்வு விஷயத்தில் இந்தியாவுக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றுண்டு: திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு 1990-ல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வை வாங்க முடியாத பல்லாயிரம் பேருக்கு அது கைகொடுத்தது.

வால்வு நல்ல நிலையில் இருந்தால் அதை எடுக்காமலேயே செய்யும் முறையை டொரன்டோவின் டைரோன் டேவிட் 1992-ல் வெளியிட்டார். நோயாளியின் சொந்த வால்வைத் துணிக்குழாய்க்குள் வைத்துத் தைத்துவிடுவது. ஆயுள் முழுவதும் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை தேவைப்படாது என்பதால் பிள்ளைகளுக்கும் இளம்பெண்களுக்கும் இதுவே உகந்தது. கைதேர்ந்த அறுவை நிபுணர் வேண்டும். மூன்றாவது முறை ஒரு நோயாளியின் மூளையில் உதித்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் டால் கோல்ஸ்வொர்த்திக்கு மார்ஃபான். பென்டால் அறுவையும் ஆயுள்கால மாத்திரையும் வேண்டாம் என்று நினைத்தவர், தன் பெருந்தமனியின் எம்.ஆர்.ஐ. படத்தைக் கணினியில் மாதிரியாக்கி, அந்த வடிவத்துக்கே தைத்த வலையுறை ஒன்றை வெளிப்பக்கமாகச் சுற்றிக் கட்டினால் போதாதா என்று கேட்டு, நிபுணர்களைச் சம்மதிக்கவைத்தார். 2004-ல் லண்டனில் அந்த உறையை முதலில் அணிந்துகொண்டவரும் அவரே. பெருந்தமனியை வெட்டாமலே செய்யும் அந்த அறுவை இன்று பல நாடுகளில் நடக்கிறது.

நெஞ்செலும்பு ஒட்ட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை புத்தகப் பையைக்கூடத் தூக்கக் கூடாது. மூன்று மாதம் கனமான எதையும் இழுக்கவோ தள்ளவோ கூடாது. பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையின் சட்டைக்குள்ளிருந்து, அமைதியான தேர்வு அறையில், கைக்கடிகாரம் ஓடுவது போல ஒரு சத்தம் கேட்கலாம். உலோக வால்வு மூடும் சத்தம் அது. சக மாணவர்களுக்கு ஒருமுறை சொல்லிவிட்டால் கேலி அடங்கிவிடும். ஒட்டடைக்குச்சி, கொக்கு என்ற பட்டப்பெயர்களை ஏற்கெனவே சுமந்த பிள்ளைக்கு இன்னொன்று வேண்டியதில்லை.

உலோக வால்வு உள்ளவர் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். தவறினால் வால்வில் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரும். மாத்திரை கூடினால் இரத்தம் கசியும். அளவு சரியா என்று பார்க்க பி.டி. ஐ.என்.ஆர். என்ற இரத்தச் சோதனையை ஒழுங்காகச் செய்துவர வேண்டும். எந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பதை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். கீரையில் வைட்டமின் கே இருப்பதால் மாத்திரையின் வேலையை அது மாற்றும். இதற்காகக் கீரையையே ஒதுக்கிவிடும் வீடுகள் உண்டு. அது தேவையில்லாத தண்டனை. வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள், அளவும் ஒன்றுபோல. ஒரு மாதம் தொடாமலிருந்துவிட்டு ஊருக்குப் போனதும் தினமும் சாப்பிடுவதுதான் கணக்கைக் குலைக்கும்.

மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், தசையில் போடும் ஊசி, நாட்டு மருந்து எதுவும் இந்த மாத்திரையோடு மருத்துவரைக் கேட்காமல் சேரக் கூடாது. பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயிலிருந்து கிருமி போய் வால்வில் தங்கிவிடக்கூடும். ஆன்டிபயாடிக்கிலும் ஒரு வகை ஆகாது: சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் குடும்பம் பெருந்தமனிப் பிளவின் ஆபத்தைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது, வேறு வழி இருந்தால் மார்ஃபான் உள்ளவர்களுக்கு இவற்றைத் தவிர்க்கச் சொன்னது. வயிற்றுப்போக்குக்கு நம் ஊரில் சீட்டில்லாமலே கிடைக்கும் மாத்திரைகள் இவை. மாற்றப்பட்டது பெருந்தமனியின் அடிப்பகுதி மட்டும், மீதிக் குழாய் அதே பழைய சுவர்தான் என்பதால், அறுவைக்குப் பிறகும் ஆண்டுதோறும் படம் எடுத்துப் பார்ப்பது நிற்காது. பெண்களுக்கு வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். கல்யாணம், குழந்தை பற்றிய பேச்சு இதய மருத்துவரின் அறையில் தொடங்க வேண்டும்.

இனி விளையாட்டு. கனம் தூக்கும்போது மூச்சை அடக்கி முக்குகிறோம். அந்த நொடியில் இரத்த அழுத்தம் 300-ஐத் தாண்டிப் போவதை அளந்திருக்கிறார்கள். ஆகவே பளுதூக்குதல், தண்டால், பார் கம்பியில் தொங்கி எழுவது, கயிறு இழுத்தல், மல்யுத்தம் ஆகியவை கூடாது. கபடியில் மூச்சடக்கிப் பாடுவதும் மடக்கிப் பிடிப்பதும் ஒன்றாக இருப்பதால் அது இரட்டை ஆபத்து. கூடைப்பந்தும் போட்டிக் கைப்பந்தும் திடீர் வேகத்துக்காகத் தவிர்க்கப்படுகின்றன. 2014-ல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தேர்வுக்குச் சில நாட்களே இருந்தபோது ஐசையா ஆஸ்டின் என்ற ஆட்டக்காரருக்கு மார்ஃபான் உறுதியாகி, ஆட்டம் முடிந்தது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 2016-ல் வேறு மருத்துவர்கள் அனுமதிக்கவே வெளிநாட்டு அணிகளில் ஆடத் தொடங்கினார். ஓர் உடலுக்குச் சொன்ன தீர்ப்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பதற்கு அது உதாரணம். அதைக் காட்டி வேறொரு பிள்ளையைக் களத்தில் இறக்குவது விபரீதம்.

சும்மா உட்காரவைப்பதும் சரியல்ல. பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகத்தில் நடப்பது, சமதளத்தில் சைக்கிள் மிதிப்பது, போட்டியில்லாமல் நீந்துவது, பூப்பந்தை நிதானமாகத் தட்டுவது ஆகியவை பெரும்பாலோருக்கு நல்லவையே. எது கூடும், எது கூடாது என்று இதய மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி, பள்ளிக் கோப்பில் வைத்துக்கொண்டால் அடுத்து வரும் ஆசிரியருக்கும் உதவும். நடுவராக, ஸ்கோரராக, அணி மேலாளராகத் திடலிலேயே வைத்துக்கொள்ளலாம். உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்குக் கிரிக்கெட் பந்தோ கோல் கம்பமோ தலையில் பட்டால், எழுந்து சிரித்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மூளையில் கசிவு சில மணி நேரம் கழித்தும் தெரியவரும்.

அரசுப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு, 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் மேல்சிகிச்சைக்கு அனுப்புவதற்கென்றே அமைக்கப்பட்டது. சந்தேகப்படும் பிள்ளையின் பெயரை அவர்களிடம் தனியாகச் சொல்லலாம். குழு வரும்வரை காத்திருக்காமல் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் அனுப்பலாம். அறுவை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய அறுவைகள் சேர்ந்திருக்கின்றன. குடும்ப அட்டையோடும் வருமானச் சான்றோடும் காப்பீட்டு அட்டையை முன்பே எடுத்துவைக்கும்படி பெற்றோருக்குச் சொல்வதும் ஆசிரியரால் ஆகக்கூடிய காரியம்.

அடுத்த அணித் தேர்வின்போது உயரம் அளக்கும் அதே டேப்பால் கைவிரிப்பையும் அளந்து, கைச்சோதனை இரண்டையும் பார்த்து, சந்தேகம் உள்ள பிள்ளையை எக்கோ முடிவு வரும்வரை களத்தில் இறக்காமல் வைத்திருக்குமாறு உடற்கல்வி ஆசிரியர்கள் அனைவரும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.